இறால் ஓட்டு மணிகளால் செம்பையும் குரோமியத்தையும் பிடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எம்.எஸ்ஸி. வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல், பயோடெக் படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும்போது சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடங்களில் ஒன்று இது: இயற்கைப் பலபடி (பாலிமர்) ஒன்றை எடுத்து, அதைக் கொஞ்சம் மாற்றி, தண்ணீரில் இருக்கும் கன உலோகத்தைப் பிடிக்க வைப்பது. செலவு குறைவு, பெரிய கருவிகள் வேண்டாம், ஒரு செமஸ்டருக்குள் முடித்துவிடலாம். முடிவும் பெரும்பாலும் நன்றாகவே வரும்.

சிக்கலே அங்கேதான். தண்ணீரில் உலோகம் குறைந்துவிட்டது என்று கருவி காட்டினால் அது மணிக்குள், அதாவது இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் என்ற பலபடியைச் சொட்டி எடுக்கும் சிறு உருண்டைக்குள், போய்விட்டது என்று எழுதிவிடுகிறோம். அது ஃபிளாஸ்க்கின் அடியில் வீழ்படிவாகக் கிடக்கலாம், வடிதாளில் ஒட்டியிருக்கலாம், வேறு வடிவத்துக்கு மாறித் தண்ணீரிலேயே இருந்துகொண்டு நம் கருவிக்கு மட்டும் தெரியாமல் இருக்கலாம். அதனால் இங்கே மணி செய்யும் முறையைச் சுருக்கமாகவும், உலோகம் எங்கே போனது என்று கணக்குப் பார்க்கும் முறையை விரிவாகவும் எழுதுகிறேன்.

முதலில் உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள்

பலபடியை முடிவு செய்துவிட்டு அதற்கு ஓர் உலோகம் தேடுவது பலரின் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். தண்ணீரில் அந்த உலோகம் எந்த மின்சுமையோடு இருக்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

செம்பு, ஈயம், காட்மியம், நிக்கல் எல்லாம் நேர்மின் அயனிகள். இவற்றைப் பிடிக்க எதிர்மின் தொகுதி வேண்டும், அல்லது எலக்ட்ரான் இணையைத் தரக்கூடிய நைட்ரஜன், கந்தகம் போன்ற அணு வேண்டும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டில் கார்பாக்சில் தொகுதிகள் ஏராளம். கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினால் அந்த நொடியே மணியாகிவிடும். ஈயத்தை நன்றாகப் பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் சர்காசம் வகைப் பாசி கிடைப்பதால் நம்மூரில் இதில் இறங்குபவர்களும் உண்டு.

ஆனால் குரோமியம்-6, ஆர்சனிக்-5 (எண் ஆக்சிஜனேற்ற நிலையைக் குறிக்கும்) இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின் அயனிகளாக மிதப்பவை. வெறும் ஆல்ஜினேட்டை வைத்து அவற்றைப் பிடிக்க முயல்வது வீண் வேலை, ஒன்றையொன்று விலக்கும். இந்த இடத்துக்குக் கைட்டோசான்தான் சரி. இறால், நண்டு ஓடுகளில் இருக்கும் கைட்டினின் அசிட்டைல் தொகுதிகளைக் காரத்தால் நீக்கினால் கிடைப்பது இது. அதன் அமீன் தொகுதி இரண்டு விதமாகவும் வேலை செய்யும். அமிலத்தன்மை குறைவான நீரில், நைட்ரஜனின் தனி எலக்ட்ரான் இணை செம்பைப் பிடித்துக்கொள்ளும். அமில நீரில் அதே நைட்ரஜன் புரோட்டானை ஏற்று நேர்மின்சுமை பெற்று, குரோமேட்டை ஈர்க்கும். இந்த மாற்றம் நடக்கும் இடம் பி.எச். 6.5-ஐ ஒட்டி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சோதனைகளின் முடிவை முன்கூட்டியே ஊகித்துவிடலாம்.

என் யோசனை: முதலில் செம்பில் கை பழகுங்கள், பிறகு குரோமியத்துக்குப் போங்கள். செம்பு நீல நிறம், மணி அதைப் பிடிப்பது கண்ணுக்கே தெரியும், தவறு நடந்தாலும் ஆபத்து குறைவு. குரோமியம்-6 புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறையைக் கழற்றாமல் வேலை செய்யும் பழக்கம் வந்த பிறகு அதைத் தொட்டால் போதும்.

அப்புறம் இன்னொன்று. 'தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் உள்ள குரோமியம்-6' என்று அறிமுகப் பகுதியைத் தொடங்கும் புராஜெக்ட் அறிக்கைகள் நிறைய வருகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் பதனிடப் பயன்படுத்துவது காரக் குரோமியம் சல்ஃபேட், அதாவது குரோமியம்-3. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சக்கணக்கான டன் கணக்கில் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கழிவுதான் குரோமியம்-6 பிரச்சினை. குரோமியம் முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரும் அப்படித்தான். இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் ஒரே சரக்கு ஆகிவிடாது. வாய்வாத் தேர்வில் முதல் கேள்வி இதிலிருந்தே வரலாம்.

ஏன் மாற்ற வேண்டும்?

வெறும் கைட்டோசான் நல்ல பிடிப்பான்தான், ஆனால் அமிலத்தில் கரைந்துவிடும். குரோமியம்-6 பிடிக்க நமக்குத் தேவைப்படுவதோ அமில நீர். ஆகவே சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கரையாமல் செய்ய வேண்டும். இதுதான் குறுக்குப் பிணைப்பு. குளூட்டரால்டிஹைடு, எபிகுளோரோஹைட்ரின், டிரைபாலிபாஸ்பேட் மூன்றும் அதிகம் பயன்படுபவை. முதலாவது அமீனோடு பிணையும். அதாவது உலோகத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தையே கொஞ்சம் தின்றுவிடும். எபிகுளோரோஹைட்ரினுக்கு ஹைட்ராக்சில் பக்கம் நாட்டம் அதிகம், அமீன் மிஞ்சும், ஆனால் அது நச்சு. டிரைபாலிபாஸ்பேட் பாதுகாப்பானது, அயனிப் பிணைப்பு என்பதால் அமிலத்தில் தாங்கும் திறன் குறைவு.

இதற்கு மேலும் போகலாம். பாதரசத்துக்காகத் தயோல் தொகுதி சேர்ப்பார்கள், காந்தத்தால் பிரித்தெடுக்க மேக்னடைட் துகள் கலப்பார்கள், ஆர்சனிக்குக்காக இரும்பு ஏற்றுவார்கள். இரண்டாவது புராஜெக்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை குளூட்டரால்டிஹைடு போதும்.

படி 1: கைட்டோசான் வாங்குங்கள்

இறால் ஓட்டிலிருந்து நீங்களே தயாரிக்க ஆசை வரும். காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ ஓடு கிடைப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் அது தனிப் புராஜெக்ட். ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் அசிட்டைல் நீக்கத்தின் அளவு மாறும், அது மாறினால் உங்கள் எல்லா முடிவும் மாறும். அசிட்டைல் நீக்கம் 85 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று புட்டியில் எழுதியிருக்கும் கைட்டோசானை 25 கிராம் வாங்கினால் முழு வேலைக்கும் தாராளம். எல்லாச் சோதனைக்கும் ஒரே புட்டி.

தயாரித்தே தீருவேன் என்பவர்களுக்குச் சுருக்கமாக: ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்து, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புச் சத்து கரையும். கார்பன் டை ஆக்சைடு பொங்கி வழியும், எனவே பெரிய பாத்திரத்தில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பிறகு 1 மோலார் காஸ்டிக் சோடாவில் சூடாக்கிப் புரதத்தை நீக்க வேண்டும். மிஞ்சுவது கைட்டின். அதை 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் 100 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்தால் கைட்டோசான். இந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கண்ணாடிப் பாத்திரம் ஆகாது, சூடான காரம் கண்ணாடியை அரிக்கும். அலுமினியம் இன்னும் மோசம், ஹைட்ரஜன் வரும். எவர்சில்வர் பாத்திரம், முகக்கவசம், முழங்கை வரை கையுறை, பக்கத்தில் ஓடும் குழாய். இவை இல்லாமல் தொடாதீர்கள்.

படி 2: மணி பிடித்தல்

2 கிராம் கைட்டோசானை 100 மி.லி. 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் போட்டு இரவு முழுவதும் காந்தக் கலக்கியில் ஓட விடுங்கள். காலையில் சிரிஞ்ச்சில் இழுக்கக் கொஞ்சம் சிரமப்படும் அளவுக்குக் கெட்டியாக, இளமஞ்சளாக இருக்கும். கரையாத துணுக்குகளை நைலான் துணியில் வடிகட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசி அடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்தால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்துவிடும். குமிழோடு சொட்டினால் மணி மிதக்கும், மிதக்கும் மணி கரைசலோடு சரியாகக் கலக்காது. அசிட்டிக் அமிலத்துக்குப் பதிலாகக் கந்தக அமிலம் எடுத்துவிடாதீர்கள், கைட்டோசான் அதில் கரையாது.

தனி பீக்கரில் 1 மோலார் காஸ்டிக் சோடா 300 மி.லி. எடுத்து மெதுவாகக் கலக்கிக்கொண்டே, சிரிஞ்ச்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரைசலின் மட்டத்திலிருந்து ஊசி நுனி நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மிக அருகில் இருந்தால் வால் முளைத்த மணி வரும், மிக உயரத்தில் இருந்தால் விழும் வேகத்தில் தட்டையாகிவிடும். நன்றாக வந்த மணி வெந்த ஜவ்வரிசி போல, வெள்ளையாகவும் கொஞ்சம் கண்ணாடித் தன்மையோடும் இருக்கும். ஓர் இரவு காரத்திலேயே ஊறட்டும், உள்ளே வரை இறுக வேண்டும்.

அடுத்தது கழுவுதல். அலுப்பான வேலை, ஆனால் பின்னால் வரும் தவறுகளில் பெரும்பகுதிக்கு இங்கேதான் வேர். மேலே இருக்கும் நீர் நடுநிலை காட்டினால் போதாது. மணிகளை வாலை வடிநீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, மறுபடி பி.எச். பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் காரம் மெல்ல வெளியே வரும். அப்போதும் 7-ஐ ஒட்டி நின்றால்தான் கழுவல் முடிந்தது.

படி 3: குறுக்குப் பிணைப்பு

குளூட்டரால்டிஹைடு எவ்வளவு போடுவது? கட்டுரைகளில் ஆளுக்கொரு அளவு இருக்கும். அவர்களைப் பார்த்து எழுதுவதைவிட நீங்களே கணக்குப் போடுங்கள். 85 சதவீத அசிட்டைல் நீக்கம் உள்ள 2 கிராம் கைட்டோசானில் சுமார் 10 மில்லிமோல் அமீன் இருக்கும். கடையில் கிடைக்கும் 25 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் 0.8 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 200 மி.லி. ஆக்கினால் அதில் இருப்பது ஏறக்குறைய 0.2 கிராம், அதாவது 2 மில்லிமோல். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனை, ஆக 4 மில்லிமோல் அமீனுக்கு மேல் பிணைய முடியாது. மிச்சம் 6 மில்லிமோல் உலோகத்துக்கு. இதையே ஐந்து மடங்கு கூட்டிப் போட்டால் மணி கல் மாதிரி உறுதியாகும், பிடிக்கத்தான் இடம் இருக்காது.

கழுவிய மணிகளை இந்தக் கரைசலில் அறை வெப்பத்தில் ஒரு நாள் மெதுவாகக் கலக்குங்கள். வெள்ளை மணி மஞ்சளாகி இளம்பழுப்புக்கு வரும். புகைபோக்கி அறைக்குள் (ஃபியூம் ஹூட்) செய்ய வேண்டிய வேலை இது, குளூட்டரால்டிஹைடு கண்ணையும் மூக்கையும் பதம் பார்த்துவிடும். பிறகு வாசனை போகும் வரை கழுவுங்கள்.

பிணைப்பு நடந்ததா என்று பார்க்க அகச்சிவப்பு நிறமாலைக்கு ஓடுவதற்கு முன் ஓர் எளிய சோதனை: பிணைத்த மணி பத்து, பிணைக்காத மணி பத்து, தனித்தனியாக 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் போட்டு மறுநாள் பாருங்கள். பிணைக்காதது காணாமல் போயிருக்கும். பிணைத்தது கொஞ்சம் உப்பி, ஆனால் முழுதாக நிற்க வேண்டும்.

படி 4: மணிக்குள் இருக்கும் தண்ணீரை மறக்காதீர்கள்

கையில் இருக்கும் மணியின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். துல்லியமாகத் தெரிந்துகொள்ள, வடிதாளில் ஒற்றி எடுத்த ஈர மணி 5 கிராமை 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்திப் பாருங்கள். 0.25 கிராம் மிஞ்சினால், இனி 0.1 கிராம் உலர் எடை வேண்டும் என்றால் 2 கிராம் ஈர மணி எடுக்க வேண்டும்.

உலர்ந்த மணியையே பயன்படுத்திவிடலாமே என்று தோன்றும். உலர்ந்தால் உள் துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும், பிடிக்கும் வேகமும் அளவும் சரியும். ஈரமாகவே பயன்படுத்துங்கள். ஆனால் அந்த 2 கிராம் மணியோடு 1.9 மி.லி. தண்ணீரும் சேர்ந்து ஃபிளாஸ்க்குக்குள் போகிறது. 100 மி.லி. கரைசல் 101.9 ஆகிறது. லிட்டருக்கு 50 மி.கி. என்று இருந்த செறிவு, எதுவும் பிடிக்கப்படாமலேயே 49.1 ஆகக் குறைந்துவிடும். மணியின் அளவைக் கூட்டிக் கூட்டிச் சோதிக்கும்போது இது பெரிதாகும். 'மணி கூடக் கூட நீக்கமும் கூடியது' என்று வரையும் கோட்டில் ஒரு பங்கு வெறும் நீர்த்தலாக இருக்கும்.

படி 5: செம்பில் முதல் சோதனை

மயில்துத்தத்தை (செம்பு சல்ஃபேட்) பகுப்பாய்வுத் தரத்தில் வாங்குங்கள், உரக்கடைச் சரக்கு வேண்டாம். 3.929 கிராம் நீலப் படிகத்தை 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 1000 மி.கி. செம்பு. வெளிறி வெள்ளைப் பொடியாகிவிட்ட படிகம் நீரை இழந்தது, அதை எடைபோட்டால் செறிவு கூடிப்போகும். இதிலிருந்து நீர்த்து 50 மி.கி. கரைசல் தயாரியுங்கள்.

பி.எச்.-ஐ நீர்த்த அமிலம், நீர்த்த காரம் கொண்டு 5-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே 3 வரை போனால் அமீன் முழுவதும் புரோட்டானைச் சுமந்துகொண்டு செம்புக்கு இடம் தராது. மேலே 6-ஐத் தாண்டினால் செம்பு ஹைட்ராக்சைடாக வீழ்படியத் தொடங்கும். பி.எச்.-ஐ மாறாமல் பிடித்துவைக்கும் பஃபர் கரைசல் வேண்டாம். அம்மோனியாவும் சரி, அசிட்டேட்டும் சரி, செம்போடு தானே பிணைந்து மணிக்குப் போட்டியாக நிற்கும்.

100 மி.லி. கரைசல், 2 கிராம் ஈர மணி, 250 மி.லி. ஃபிளாஸ்க், நிமிடத்துக்கு 150 சுற்று ஷேக்கர், 24 மணி நேரம். பழுப்பு மணி முதலில் ஓரத்தில் பச்சை படிந்து, பிறகு நீலப்பச்சையாகும். சில மணி நேரம் கழித்து ஒரு மணியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளி வளையம் நீலமாகவும் நடுப்பகுதி பழைய நிறத்திலும் இருக்கும். செம்பு உள்ளே ஊடுருவி நகரும் வேகம்தான் மொத்த நேரத்தையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது. அறிக்கையில் அந்தப் புகைப்படத்தைப் போடுங்கள்.

இதோடு சேர்த்து மூன்று ஒப்பீட்டு ஃபிளாஸ்க்குகள் எப்போதும் ஓட வேண்டும். மணி இல்லாமல் செம்புக் கரைசல் மட்டும் ஒன்று: கண்ணாடியில் ஒட்டியதும் தானே வீழ்படிந்ததும் இதில் தெரியும். வாலை வடிநீரில் மணி மட்டும் ஒன்று: மணியிலிருந்து என்ன கசிகிறது, பி.எச். எங்கே போகிறது என்று காட்டும். மூன்றாவது, மணியோடு ஓடிய ஃபிளாஸ்க்கின் இறுதி பி.எச்.-இல் வைத்த, மணி இல்லாத செம்புக் கரைசல். இந்த மூன்றாவதைத்தான் யாரும் வைப்பதில்லை, மிக முக்கியமானதும் இதுதான். கைட்டோசான் ஒரு காரம். கரைசலிலிருந்து புரோட்டானை உறிஞ்சும். 5-இல் தொடங்கிய ஃபிளாஸ்க் 24 மணி நேரத்தில் 6-ஐத் தாண்டியிருந்தால், செம்பு மணியால் பிடிக்கப்பட்டதா, பி.எச். ஏறியதால் வீழ்படிந்ததா என்று உங்களுக்கே தெரியாது. எல்லா ஃபிளாஸ்க்குக்கும் தொடக்க பி.எச்., இறுதி பி.எச். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

மாதிரி எடுக்கும்போது வடிதாள் வேண்டாம், தாளும் செல்லுலோஸ்தான், அதுவும் உலோகம் பிடிக்கும். மணி அடியில் தங்கியதும் மேல் நீரைப் பிப்பெட்டால் எடுத்தால் போதும். எடுத்ததை, 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு வையுங்கள். அமிலம் விடாமல் ஒரு வாரம் வைத்திருந்து அளந்தால் புட்டிச் சுவர் பிடித்ததையும் சேர்த்து மணியின் சாதனையாகக் காட்டுவீர்கள்.

அளக்க அணு உறிஞ்சல் நிறமாலைமானி, செம்புக்கு 324.8 நானோமீட்டர். கல்லூரியில் இல்லை என்றால் பல்கலைக்கழகக் கருவி மையத்தில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அளக்கலாம். எத்தனை மாதிரி என்று முன்பே எண்ணி, ஒவ்வொரு சோதனையும் மும்முறை என்று வைத்து பட்ஜெட் போடுங்கள்.

படி 6: கணக்கு

தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, லிட்டரில் கன அளவால் பெருக்கி, கிராமில் உலர் எடையால் வகுத்தால் ஒரு கிராம் மணி பிடித்த மில்லிகிராம் கிடைக்கும். நீர்த்தலைச் சரிசெய்த தொடக்கச் செறிவு 49.1, இறுதி 9.1, கன அளவு 0.1019 லிட்டர், எடை 0.1 கிராம் என்றால் கிராமுக்கு 40.8 மி.கி.

இந்த எண் நம்பத்தகுந்ததா என்று பார்க்க ஒரு மேல் வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் கைட்டோசானில் சுமார் 5 மில்லிமோல் அமீன். ஒவ்வொரு அமீனும் ஒரு செம்பு அயனியைப் பிடித்தாலும் கிராமுக்கு 320 மி.கி.-க்குச் சற்று மேல், அவ்வளவுதான். உண்மையில் ஒரு செம்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அமீன் தேவைப்படுவதால் இதில் பாதியைத் தொடுவதே அரிது. உங்கள் கணக்கு 500 காட்டினால் கொண்டாடாதீர்கள், ஃபிளாஸ்க்கின் அடியைப் பாருங்கள்.

சதவீதத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். லிட்டருக்கு 50 மி.கி. குரோமியத்தில் 98 சதவீதம் நீக்கினாலும் 1 மி.கி. மிச்சம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) மொத்தக் குரோமியத்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.05 மி.கி. அதாவது இருபது மடங்கு அதிகம். அறிக்கையில் சதவீதத்தோடு மிச்சச் செறிவையும் கட்டாயம் எழுதுங்கள்.

நேரச் சோதனைக்கு 5, 10, 20, 40, 60, 120, 240 நிமிடம், பிறகு 24 மணி என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஃபிளாஸ்க். ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் கன அளவு குறைந்து கணக்கு கெடும். செறிவுச் சோதனைக்கு 10 முதல் 300 மி.கி. வரை ஏழெட்டுப் புள்ளிகள். இந்தப் புள்ளிகளை, செறிவுக்கும் பிடிப்புக்கும் உள்ள உறவைச் சொல்லும் லாங்மியூர், ஃபிராய்ன்ட்லிச் சமன்பாடுகளில் பொருத்துவது வழக்கம். நேர்கோடாக மாற்றிப் பொருத்தாமல் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துங்கள், எக்செல்லின் சால்வரே போதும். நேரத் தரவில் போலி இரண்டாம் வகைச் (pseudo-second-order) சமன்பாடு, பொருத்தத்தை அளக்கும் R² மதிப்பாகக் கிட்டத்தட்ட எப்போதும் 0.99 தந்துவிடும். அதை வைத்து 'எனவே இது வேதிப் பரப்புகவர்தல்', அதாவது வேதிப்பிணைப்பால் பிடிப்பது, என்று எழுதும் வழக்கம் பரவிக் கிடக்கிறது. கோடு பொருந்துவதால் வேதிப்பிணைப்பு நிரூபணம் ஆகாது. நீங்கள் வெட்டிப் பார்த்த மணியே ஊடுருவல்தான் மெதுவான படி என்று சொல்லிவிட்டதே.

படி 7: குரோமியம்-6

பொட்டாசியம் டைகுரோமேட் 0.2829 கிராம் ஒரு லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 100 மி.கி. குரோமியம். கையுறை, கண்ணாடி, தூள் பறக்காமல் எடைபோடுதல், இவை கட்டாயம். தேவைக்கு மேல் தயாரிக்காதீர்கள். தயாரித்ததெல்லாம் பின்னால் கழிவு.

பி.எச். 3 முதல் 4 வரை வைத்துத் தொடங்குங்கள். அந்த அமிலத்தில் குரோமியம் பெரும்பாலும் ஹைட்ரஜன் குரோமேட்டாக, ஒற்றை எதிர்மின்சுமையோடு இருக்கும். அமீனும் நேர்மின்சுமையோடு இருக்கும். பி.எச். 7-ஐத் தாண்டினால் அமீன் சுமையை இழந்துவிடும், பிடிப்பும் விழுந்துவிடும்.

அளப்பதற்கு டைஃபினைல் கார்பசைடு முறை மலிவு, அழகு. 0.25 கிராமை 50 மி.லி. அசிட்டோனில் கரைத்து பழுப்புப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், நிறம் மாறினால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். மாதிரியை லிட்டருக்கு 1 மி.கி.-க்குக் கீழே வரும்படி நீர்த்து, கந்தக அமிலம் விட்டு, 100 மி.லி.-க்கு 2 மி.லி. கார்பசைடு சேர்த்தால் செவ்வூதா நிறம் எழும். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து 540 நானோமீட்டரில் படியுங்கள்.

ஆனால் இந்த முறைக்குக் குரோமியம்-6 மட்டும்தான் கண்ணில் படும். அமில நீரில் டைகுரோமேட் ஒரு வலுவான ஆக்சிஜனேற்றி. கைட்டோசானையே ஆக்சிஜனேற்றம் செய்து, தான் குரோமியம்-3 ஆக ஒடுங்கும். அந்தக் குரோமியம்-3 நேர்மின் அயனி, நேர்மின்சுமை பெற்ற மணி அதைப் பிடிக்காது, தண்ணீரிலேயே கிடக்கும். கார்பசைடு 1 மி.கி. என்று காட்டும் கரைசலில் மொத்தக் குரோமியம் 6 மி.கி. இருக்க வாய்ப்புண்டு. எனவே அதே மாதிரியை அணு உறிஞ்சலிலும் அளந்து மொத்தக் குரோமியத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒடுங்கியது. இரண்டு எண்களையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் அது நேர்மையான முடிவு. ஒடுக்கம் நடப்பது குறையும் இல்லை, குரோமியம்-3-இன் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைவு. மறைப்பதுதான் குறை.

படி 8: மணியிலிருந்து திரும்ப எடுத்தல்

செம்பு ஏறிய மணியை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், குரோமியம்-6 ஏறிய மணியை 0.1 மோலார் காஸ்டிக் சோடாவிலும் கலக்கினால் உலோகம் வெளியே வரும். செம்பு மணியை மறுபடி பயன்படுத்துமுன் நீர்த்த காரத்தில் அலசி, மீண்டும் நடுநிலைக்குக் கழுவ வேண்டும். குரோமியம் மணியையும் காரம் போகும்வரை அப்படியே கழுவுங்கள். ஐந்து சுற்று செய்வது வழக்கம்.

இங்கே மணியின் ஆயுளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரவு செலவு. பிடித்ததாகக் கணக்கில் எழுதியது 4 மி.கி., வெளியே வந்தது 3.8 என்றால் உங்கள் முந்தைய எண்கள் நம்பத்தக்கவை. 2 மட்டுமே வந்தால் மிச்சம் எங்கே? சில மணிகளைச் சூடான நைட்ரிக் அமிலத்தில் முழுவதுமாகச் சிதைத்து அளந்து பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் அது மணிக்குள் போகவே இல்லை.

படி 9: நிஜத் தண்ணீர்

வாலை வடிநீரில் கிடைத்த எண் கிணற்று நீரில் கிடைக்காது. முதலில் உங்கள் ஊர்க் குழாய் நீரில் செம்பையோ குரோமியத்தையோ கலந்து சோதியுங்கள். செம்பு சேர்த்ததும் கலங்கினால் அது கார்பனேட்டோடு வீழ்படிவது, அதை மணி சேர்ப்பதற்கு முன்பே அளந்து கழியுங்கள். குரோமேட்டுக்குச் சல்ஃபேட் கடும் போட்டி. உப்பு நிறைந்த தோல் ஆலைக் கழிவுநீரில் பிடிப்பு விழுவதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அதுவும் எழுத வேண்டிய முடிவுதான்.

தோல் பதனிட்ட பின் மிஞ்சும் குரோமிய நீரில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கில் மில்லிகிராம் இருக்கும். அதற்கு மணி போடுவது பணத்துக்குக் கேடு. மெக்னீசியம் ஆக்சைடால் வீழ்த்தி, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடப் பயன்படுத்தும் முறையைச் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ ஆலைகளுக்குக் கொண்டுசேர்த்துவிட்டது. மணியின் இடம் கடைசியில், மற்ற முறைகள் விட்டுவைக்கும் சில மில்லிகிராமைத் துடைத்தெடுப்பதில்.

வீட்டுக் குடிநீருக்கு இந்த மணிகளைப் போட்டுப் பார்க்க வேண்டாம். கிராமத்தில் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைக்கிறோமே என்று கேட்பவர்கள் உண்டு. அது கலங்கலை இறக்கும். ஆர்சனிக்கோ ஈயமோ கரைந்த நீர் தொடக்கத்திலேயே கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருக்கும், அதைக் கண்ணால் சோதிக்க வழியில்லை. குளூட்டரால்டிஹைடு மிச்சம் கசியும் மணியை யாரும் குடிக்கும் தண்ணீரில் போடக் கூடாது.

கழிவு

சோதனை தொடங்கும் முதல் நாளே மூன்று கேன்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள்: செம்புக் கரைசல், குரோமியக் கரைசல், பயன்படுத்திய மணி. சிங்க்கில் ஒரு சொட்டும் போகக் கூடாது, முதல் இரண்டு அலசல் நீர் உட்பட. குரோமியம்-6 கரைசலைக் கந்தக அமிலத்தால் பி.எச். 2-க்குக் கொண்டுவந்து, சோடியம் பைசல்ஃபைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் மஞ்சள் மறைந்து பச்சையாகும். புகைபோக்கி அறையில் செய்யுங்கள், கந்தக டை ஆக்சைடு வரும். ஒரு துளி எடுத்துக் கார்பசைடு விட்டுப் பாருங்கள், ஊதா வராவிட்டால் ஒடுக்கம் முடிந்தது. பிறகு காரம் சேர்த்து 8.5-க்கு ஏற்றினால் பச்சைச் சேறு படியும். செம்புக் கரைசலுக்கு ஒடுக்கம் தேவையில்லை, காரம் சேர்த்து 9-ஐ ஒட்டிக் கொண்டுபோனால் நீலச் சேறு. மேல் நீரை அளந்து பார்த்த பிறகுதான் வெளியேற்ற வேண்டும். உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் குரோமியம்-6 லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்தக் குரோமியம் 2 மி.கி., செம்பு 3 மி.கி. என்பது இந்திய வரம்பு.

சேற்றையும் மணிகளையும் உலர்த்தி, உலோகத்தின் பெயர், எடை, தேதி எழுதி மூடி, துறையின் அபாயகரக் கழிவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு ஒப்படையுங்கள். தமிழ்நாட்டில் இப்படிச் சேரும் கழிவைப் புதைக்கும் மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. உங்கள் கல்லூரிக்கு அதனோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று மயில்துத்தம் ஆர்டர் செய்யும் முன்பே ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் குரோமியம் பகுதியை விட்டுவிட்டு, செம்போடு நிறுத்திக்கொண்டு, அந்தச் சேற்றைப் பூட்டிய அலமாரியில் வைத்துக்கொண்டே ஒப்பந்தத்துக்கு எழுதிப் போடுங்கள்.